வடை சுற்றிய ஜப்பான் புத்தகம்

தலைமயிர் முழுக்க நரைத்த ஒரு மனுசன், கோட்டும் சூட்டும் போட்டு, கழுத்துக்கு ரை கட்டிக்கொண்டு, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அறைக்கதவைச் சாத்திவிட்டுப் படப் புத்தகம் பார்த்து அழுததை நான் என் கண்ணால் கண்டிருக்கிறேன். கடிதக்கட்டைக் கொடுக்கப் போன இடத்தில்தான் அந்தக் காட்சி. அவர் லேஞ்சியால் மூக்கைத் துடைத்து, ஒன்றும் நடக்காத மாதிரித் தலையைக் குனிந்து எனக்கு நன்றி சொன்னார். வெளியே வந்த பிறகுதான் எனக்குச் சிரிப்பு வெடித்தது. எங்கட ஆட்களில் ஒருவர் அந்த வயதில் படக்கதைக்கு அழுதால், அன்றைக்குப் பின்னேரமே மனுசனுக்கு மூளை தட்டிப்போட்டுது என்று லண்டன் முழுக்கக் கதை பரவியிருக்கும்.

எண்பதுகளின் பிற்பாதி அது. லண்டன் சிட்டியில் இருந்த ஒரு ஜப்பான் கொம்பனியின் தபாலறையில் எனக்கு வேலை. காலையில் வருகிற பைகளைப் பிரித்து ஒவ்வொரு மாடியாகக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். கிழமைக்கு ஒருதரம் விமானத்தில் வருகிற பையில் அந்தப் புத்தகங்கள் இருக்கும். புத்தகம் என்று சொல்லுவதே பாவம். ரெலிபோன் டிரெக்டரி மாதிரித் தடிப்பு, மலிவுத் தாள், அதிலும் கொஞ்சப் பக்கம் ரோசா நிறம், கொஞ்சம் பச்சை, கொஞ்சம் மஞ்சள். உள்ளே முழுக்கப் படம். அந்தப் பை வருகிற நாளில் கந்தோரே வேறு மாதிரி இருக்கும். முதலில் நரைத்த தலை பார்க்கும். பிறகு அவருக்குக் கீழே இருக்கிற தலைகள், பிறகு அதற்கும் கீழே. பதவி வரிசை பிசகாது. கடைசியாக வாசிக்கிற பொடியனுக்கு அது வருகிறபோது புத்தகம் கந்தலாகியிருக்கும். அவன் வாசித்து முடித்ததும் குப்பைக்கூடையில் போட்டுவிடுவான். ஒரு பத்திரப்படுத்தலும் இல்லை, ஒரு மரியாதையும் இல்லை.

நானும் புரட்டிப் பார்த்தேன். பார்க்காமல் திட்டுகிற பழக்கம் எனக்கில்லை. சாப்பாட்டுக் கோப்பை அளவில் கண்கள். கோபம் வந்தால் நெற்றியில் நரம்பு புடைக்கும், வெட்கம் வந்தால் மூக்கால் இரத்தம் வரும். ஒருவன் பந்தை எறியக் கையை ஓங்குவான். அடுத்த கிழமைப் புத்தகத்திலும் ஓங்கின கை ஓங்கினபடியே நிற்கும். அதற்கடுத்த கிழமை அவனுடைய தாய் வந்து கண்ணீர் விடுவாள், பந்து மட்டும் கையை விட்டுப் போகாது. இந்தச் சீத்துவக்கேட்டுக்கு இவ்வளவு பெரிய கொம்பனியை நடத்துகிற மூளைகள் வரிசையில் நிற்கின்றனவே என்று எனக்கு நெஞ்சு எரிந்தது.

கந்தோரில் ஒரு ஜப்பான்காரப் பெண் தட்டெழுத்தாளராக இருந்தாள். என் வயதுதான். அவளிடம்தான் விசாரித்தேன். இதற்குப் பெயர் மங்கா என்றாள். எனக்கு மாங்காய் என்று கேட்டது. பிறகு அவள் சொன்ன கதையைக் கேட்டால் எவருக்கும் தலை சுற்றும். பொடியன்களுக்கு வேறு புத்தகம், பெட்டைகளுக்கு வேறு, கந்தோருக்குப் போகிறவர்களுக்கு வேறு, வீட்டில் சமைக்கிற பெண்களுக்கு வேறு. மீன் பிடிக்கிறவனுக்கென்று தனியாக ஒரு புத்தகம். அங்கே ரயிலில் ஏறினால் பள்ளிக்கூடப் பிள்ளையும் பாங்க் மனேச்சரும் ஒரே புத்தகத்தைப் பக்கத்தில் பக்கத்தில் இருந்து வாசிப்பார்களாம். ஒரு கிழமைக்கு விற்கிற புத்தகங்களை எங்கட யாழ்ப்பாணத்துச் சனத்துக்குப் பங்கிட்டால் ஆளுக்கு ஒன்று கொடுத்தும் மிஞ்சும் போலிருந்தது. நான் புரட்டுவதைப் பார்த்துவிட்டு அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் பின்பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேனாம். அவர்களுக்குப் புத்தகம் வலப்பக்கத்தால் திறக்கும். எங்களுக்குக் கடைசி அட்டை, அவர்களுக்கு முதல் அட்டை.

இன்னொன்றும் சொன்னாள். புத்தகத்துக்குள் ஒரு தபால் அட்டை இருக்கும். எந்தக் கதை பிடித்தது, எது பிடிக்கவில்லை என்று வாசகர்கள் எழுதிப் போடுவார்கள். சனத்துக்குப் பிடிக்காத கதையைப் பத்திரிகைக்காரர் கொஞ்ச நாளில் நிறுத்திவிடுவார்களாம், எழுதினவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும். அவள் லண்டனில் இருந்தே முத்திரை ஒட்டி அனுப்புகிறவள். விசரிதான் என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டேன். ஆனால் அந்த அட்டை விசயம் என் மண்டைக்குள் இருந்து போகவில்லை. ஏனென்றால் என் வீட்டிலும் ஒரு பத்திரிகை ஆசிரியர் இருந்தார்.

அவர் என் புருசன். மனோர் பார்க்கில் எங்களுடைய வீடு. கீழே முன் அறை, மேலே ஒரு பெரிய அறை, ஒரு சின்ன அறை. அவருக்கு இரவில் பெற்றோல் செட்டில் காசாளர் வேலை, பகலில் தமிழ் இலக்கியத்தைக் காப்பாற்றுகிற வேலை. மூன்று மாதத்துக்கு ஒருதரம் என்று சொல்லி, நினைத்த நேரத்தில் ஒரு சஞ்சிகை கொண்டுவருவார். எழுதுகிறவர்கள் அவரும் அவருடைய கூட்டாளிகளும். வாங்குகிறவர்களும் அவர்களே, அதுவும் இனாமாக. மிச்சமெல்லாம் கட்டுக்கட்டாகச் சின்ன அறையில் ஏறிவிடும். கதவைத் திறந்தால் உள்ளே கால் வைக்க இடமில்லை. அந்த இதழ்களுக்குள் என்ன இருந்தது என்று கேட்கிறீர்களா? ஒரு கவிதை முழுக்க இருள். வரி மாறினால் பேரிருள். அதற்கடுத்த வரியில் இருளின் இருள். லைட்டைப் போட்டுவிட்டு எழுதியிருக்கலாம். பிறகு ஒரு கட்டுரை. அதில் ஒரு வசனம் முதல் பக்கத்தில் தொடங்கி மற்றப் பக்கத்தில்தான் மூச்சு விடும். எல்லா இதழிலும் ஆசிரியர் தலையங்கம் ஒன்றுதான்: எங்கட சனம் வாசிப்பதில்லை.

அந்த வருசம் எனக்குப் பிள்ளை தங்கியது. அதுவும் இரண்டு தரம் கைநழுவிப் போன பிறகு. எனக்கு அந்தச் சின்ன அறை வேண்டும் என்றேன். பிள்ளைக்குத் தொட்டில் போட வேண்டும், சுவருக்கு மஞ்சள் பூச வேண்டும் என்றேன். அவர் தலையை ஆட்டுவார். அடுத்த இதழின் கட்டும் ஏறிவிடும். வயிறு தெரியத் தொடங்கிய பிறகு ஒருநாள் நான் பொறுக்க ஏலாமல் அந்தத் தபால் அட்டைக் கதையை எடுத்தேன்.

"ஜப்பானிலை சனத்திட்டைக் கேட்டுத்தான் கதை போடுகினமாம். பிடிக்காட்டி நிப்பாட்டுவினமாம். நீங்களும் ஒருக்கால் கேட்டுப் பாருங்கோவன்."

"இலக்கியம் என்ன சந்தைக் கத்தரிக்காயே, அமத்திப் பாத்து வாங்க?"

"கத்தரிக்காயெண்டால் ஆரும் வாங்கியிருப்பினம்."

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "உமக்கு உது விளங்காது. வாசிக்காத சனத்திட்டைப் போய் நான் என்னத்தைக் கேக்கிறது? கேள்வி கேக்கிறதுக்கும் ஒரு தகுதி வேணும், பதில் சொல்லுறதுக்கும் ஒரு தகுதி வேணும்."

"தகுதியை வைச்சுக்கொண்டு இருங்கோ. பிள்ளையை எங்கை படுக்கப் போடுறது? உங்கட பேரிருளுக்கு மேலையே?"

நான் அழுதுவிட்டேன். எனக்குக் கோபம் வந்தாலும் கண்ணீர்தான் முதலில் வரும், சனியன். அவர் கொஞ்சம் இறங்கி வந்தார்.

"சரி. இந்த இதழ் வெளியீட்டிலை பாப்பம். வாற சனம் புத்தகத்தைத் திறந்து வாசிச்சுதெண்டு நான் என்ர கண்ணாலை கண்டால் நடத்துவன். இல்லையெண்டால் அடுத்த நாளே அறையை ஒழிச்சுத் தாறன். இதழையும் நிப்பாட்டுறன்."

"சத்தியமா?"

"பிள்ளை மேலை சத்தியம்."

"பிள்ளை மேலை வேண்டாம். சும்மா வாயாலை சொல்லுங்கோ, அதுவே காணும்."

சொன்னார். எனக்கு வெற்றி என்று அப்போதே தெரியும். அந்தக் கூட்டங்களுக்கு நான் எத்தனை தரம் போயிருக்கிறேன். வருகிறவர்கள் வடைக்கு வருகிறார்கள். அந்த வடையைச் சுடுகிறவள் நான்.

வடைக்குப் பேப்பர் வேண்டும். லண்டனில் விற்கிற மெல்லிய அடுப்படித் தாளை வைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது வடையோடு ஒட்டிக்கொண்டு வாய்க்குள் போகும். இங்கிலீஸ் பேப்பர் என்றால் மையெல்லாம் வடையில். ஒருநாள் கந்தோர்க் குப்பைக்கூடையில் கிடந்த அந்த ஜப்பான் புத்தகத்தில் ஒரு தாளைக் கிழித்துப் பார்த்தேன். சொரசொரவென்று, எண்ணெயை என்னமாய் உறிஞ்சியது! இவ்வளவு காலமும் அந்தப் புத்தகத்தின் உண்மையான பயன் தெரியாமல் அதை வாசித்துக்கொண்டிருந்திருக்கிறார்களே என்று சிரித்துக்கொண்டு, அதற்குப் பிறகு எறிகிறதையெல்லாம் பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

வெளியீட்டுக்குப் பருப்பு வடை. இரண்டு வடைக்கு ஒரு தாள், சுருள் சுற்றினேன். அரைகுறை உடுப்போடு நின்ற பெண்களின் பக்கங்களை முதலே கிழித்துக் குப்பையில் போட்டேன். எனக்கும் மானம் இருக்கிறது. மிச்சத்தை எங்கட வழக்கப்படி இடப்பக்க அட்டையில் தொடங்கி ஒவ்வொன்றாகக் கிழித்து, சுற்றிச் சுற்றி வரிசையாகப் பெட்டியில் அடுக்கினேன். அது அவர்களுக்குக் கடைசிப் பக்கம் என்பது அந்த வேலை மும்முரத்தில் எனக்கு நினைவு வரவில்லை. வந்திருந்தாலும் வடைக்கு முன் பின் உண்டா?

வால்தம்ஸ்டோவில் ஒரு பள்ளிக்கூட மண்டபம். சனிக்கிழமை பின்னேரம். குத்துவிளக்கு, மௌன அஞ்சலி, வரவேற்புரை எல்லாம் ஒழுங்காக நடந்தன. ஒவ்வொரு கதிரையிலும் புது இதழ் ஒன்று வைத்திருந்தது. வந்தவர்கள் அதை எடுத்து மடியில் வைத்து, அதற்கு மேலே தேத்தண்ணீர்க் கோப்பையை வைத்தார்கள். ஒருவராவது அட்டையைத் திருப்பவில்லை. பிறகு விமர்சகர் ஒருவர் பேச எழுந்தார். இதழைப் பற்றிப் பேச வந்தவர், அவருடைய இளமைக் காலம், மற்ற விமர்சகர்களின் மூடத்தனம், அவர் எழுதப்போகிற நூல் என்று போய்க்கொண்டிருந்தார். மூன்றாவது தரமாக "இறுதியாக" என்று அவர் சொன்னபோது எனக்குப் பொறுமை கெட்டுவிட்டது. வயிற்றைத் தள்ளிக்கொண்டு எழும்பி, வடைப் பெட்டியை முதல் வரிசையில் கொடுத்துவிட்டேன். பெட்டி கைமாறிக் கைமாறிப் பின்னுக்குப் போனது.

வடை முடிந்தது. தாள் மிஞ்சியது. கச்சான் கடலைச் சுருளைத் தின்று முடித்ததும் அந்தத் துண்டுத் தாளில் என்ன இருக்கிறது என்று விரித்துப் பார்க்காத தமிழன் இருக்கிறானா? எல்லோரும் மடியில் வைத்து நீவினார்கள். ஒருவருடைய தாளில் வாளால் வெட்டுப்பட்டு ஒரு கிழவன் விழுந்து கிடந்தான். பக்கத்தில் இருந்தவருடைய தாளில் அதே கிழவன் வாளோடு நின்றான்.

"உங்கட்டை என்ன கிடக்கு? காட்டுங்கோ."

"இவன் எழும்பிட்டானடாப்பா!"

"இஞ்சை தாங்கோ, அடுத்தது ஆரிட்டை?"

தாள்கள் கைமாறின. பின்வரிசை எட்டிப் பார்த்தது. நான் வைத்த வரிசையில், இடமிருந்து வலமாக, சபை முழுக்க அந்தக் கதையைத் தலைகீழாக வாசித்துக்கொண்டிருந்தது. செத்துக் கிடந்தவன் எழும்புகிறான். வெட்டினவனோடு சண்டை போடுகிறான். பிறகு இரண்டு பேரும் வாளை உறையில் போட்டு, எதிரெதிரே இருந்து தேத்தண்ணீர் குடிக்கிறார்கள். பிறகு வெட்டினவன் மழையில் குடையோடு நடந்து போகிறான். "கடைசியிலை சமாதானமாப் போட்டினம்," என்று ஒருவர் தீர்ப்புச் சொன்னார். மேடையில் "இறுதியாக" முடிந்து இறங்கி வந்த விமர்சகரும் ஒரு தாளைப் பிடுங்கிப் பார்த்துவிட்டு, மரணத்தில் தொடங்கி வாழ்வுக்கு வருகிற உத்தி தமிழுக்கு இன்னும் வரவில்லை என்றார். அதுக்குப் பெயர் உத்தி இல்லை ஐயா, பிழையான பக்கத்தால் கிழித்தது என்று சொல்ல வாயைத் திறந்தேன். அப்போது எனக்கு முன்னால் இருந்த அக்கா, தம்பியை ஊரில் பறிகொடுத்தவர், கிழவன் எழும்புகிற தாளைத் தடவிக்கொண்டு, "இப்பிடி எழும்பி வந்தால் எவ்வளவு நல்லம்," என்றார். நான் வாயை மூடிக்கொண்டேன்.

அப்போதுதான் என் புருசன் ஏற்புரைக்கு எழுந்தார். கையில் எழுதிக்கொண்டு வந்த பேச்சு. சபையைப் பார்த்தார். ஒரு முகமும் நிமிரவில்லை. மண்டபம் நிறைந்த குனிந்த தலைகள், தாள் சரசரக்கிற சத்தம். அவருடைய முகம் மலர்ந்ததை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. எங்கட கலியாணத்தன்று கூட அந்த மனுசனின் முகம் அப்படி இருக்கவில்லை. பேச்சுத் தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார்.

"நான் ஒண்டும் பேசேல்லை. நீங்கள் வாசிச்சுக்கொண்டிருக்கிறியள். வாசியுங்கோ. நான் நிண்டு பாக்கிறன்."

அப்படியே நின்றார், கையைக் கட்டிக்கொண்டு, கண் கலங்கிப்போய். எனக்கு வயிற்றுக்குள் பிள்ளை புரண்டது. ஐயோ, இந்த மனுசனை ஆராவது இறக்குங்கோ என்று எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"அண்ணை, மழைப் பக்கம் முன்னுக்கு ஆரிட்டையோ இருக்காம். ஒருக்கால் இஞ்சாலை அனுப்பச் சொல்லுங்கோ."

"மழைப் பக்கமோ?" அவர் யோசித்தார். "எங்கட இதழிலை மழை எங்கை வருது?"

படியால் இறங்கி வந்தார். முன்வரிசையில் இருந்தவருடைய கையில் இருந்த தாளை வாங்கிப் பார்த்தார். ரோசா நிறம். நடுவில் எண்ணெய்த் திட்டு. குடையோடு ஒருவன். அதைத் திருப்பிப் பார்த்தார். பிறகு அந்த மனுசர், என்னதான் இருந்தாலும் மரியாதை தெரிந்த மனுசர், அந்தத் தாளை வரிசை வரிசையாகத் தானே கொண்டுபோய்ப் பின்னுக்குக் கேட்டவருடைய கையில் கொடுத்தார். சபை ஒன்றும் நடக்காத மாதிரி வாசித்துக்கொண்டிருந்தது. வீட்டுக்குப் போகும்போது தாள்களை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார்கள். இதழ்கள் கதிரைகளில் கிடந்தன, ஒவ்வொன்றிலும் கோப்பை வைத்த வட்டம். அந்தச் சனத்தை நான் அன்றைக்கு வெறுத்தேனே, அவருடைய கவிஞர்களைக் கூட நான் அப்படி வெறுத்ததில்லை. மூதேவிகள். என் வடையைத் தின்றுவிட்டு என் புருசனைக் கோமாளி ஆக்கினதுகள்.

மறுநாள் காலை சத்தம் கேட்டு மேலே போனேன். சொன்ன சொல்லைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார். சின்ன அறையிலிருந்து கட்டுகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் படிக்கு மேலே அடுக்கிக்கொண்டிருந்தார். சுவர் கொஞ்சம் தெரிந்தது. நான் எத்தனை மாதமாகக் கேட்ட சுவர். எனக்குச் சந்தோசமாக இருந்திருக்க வேண்டும்.

"நான் தலையங்கத்திலை எழுதினதெல்லாம் பிழை," என்றார், என்னைப் பார்க்காமல். "சனம் வாசிக்கும். எண்ணெய்ப் பேப்பரைக் கூடக் கெஞ்சிக் கேட்டு வாசிக்கும். எங்களைத்தான் வாசிக்காது. ஒருத்தரும் வாசிக்கேல்லை."

"நான் வாசிச்சனான்," என்றேன்.

"எதை?"

"எல்லாத்தையும். முதல் இதழிலை இருந்து. தபாலறையிலை மத்தியானச் சாப்பாட்டு நேரத்திலை வாசிக்கிறனான். பின்னை, உங்கட பேரிருளை நான் எங்கை பாத்தனான் எண்டு நினைச்சனீங்கள்?"

கையில் இருந்த கட்டைக் கீழே வைத்தார். அதற்கு மேலேயே இருந்துவிட்டார். பிறகு, சின்னக் குரலில், "எப்பிடி இருந்தது?" என்றார்.

"படு அறுவை. இருள் கவிதை தாங்க ஏலாது. விமர்சகற்றை கட்டுரை ஒரு வரியும் விளங்கேல்லை. அந்தாளுக்கே விளங்கியிராது. ஆனால் பெற்றோல் செட்டுக்கு விடியக்காலமை வந்து பால் வாங்கிற வெள்ளைக்காரக் கிழவியைப் பற்றி வேறை பேரிலை ஒருக்கால் எழுதினனீங்கள். அது நல்லம். ரெண்டு தரம் வாசிச்சனான். அவவுக்குப் பேந்து என்ன நடந்தது எண்டு பாத்துக்கொண்டிருந்தன். அடுத்த இதழிலை வரேல்லை."

"அது பக்கம் நிரப்ப எழுதினது," என்றார். என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "இவ்வளவு காலமும் நீர் ஏன் இதை எனக்குச் சொல்லேல்லை?"

"நீங்கள் எப்பவாவது கேட்டனீங்களே?"